கப்பல் பட்டியலும் திருமுழுக்கு ஏடும்

திருக்காட்டுப்பள்ளியை அடுத்த பூண்டி மாதா திருத்தலத்திற்கு வரும் திருப்பயணிகளுள் கடல் கடந்து வருவோரும் உண்டு. அவர்களுள் சிலர் தங்கள் மன்றாட்டுகளுடன் ஒரு தாளையும் சுமந்து வருகின்றனர். பாட்டனோ பூட்டனோ ஏறிச் சென்ற கப்பலின் பயணிகள் பட்டியலில் ஒரு பக்கத்தின் நகல் அது. அதில் ஓர் ஊர்ப்பெயரை விரலால் தொட்டுக் காட்டி, 'இது எங்கே இருக்கிறது?' என்று கேட்கின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி வந்த ஒரு பெண்மணியைத் திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் சந்தித்தேன். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்தவர். அவருக்குத் தமிழில் தெரிந்தவை சில உறவுமுறைச் சொற்களும் ஒரு செபத்தின் முதற்பாதியும் மட்டுமே. அவர் நீட்டிய தாளில் 1880-களில் சென்னையிலிருந்து நேட்டாலுக்குச் சென்ற ஓர் இளைஞரின் விவரம் ஒரே வரியில் அடங்கியிருந்தது: எண், பெயர், தந்தை பெயர், வயது, ஜில்லா, ஊர், உயரம், இடது முழங்காலுக்குக் கீழ் ஒரு தழும்பு. சாதி என்று தலைப்பிட்ட கட்டத்தில் 'கிறிஸ்தவர்' என்ற ஒரு சொல் மட்டும் எழுதப்பட்டிருந்தது.

தேநீர்க்கடை வாசலில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் அத்தாளை வாங்கிப் பார்த்தார். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர். ஆயினும் ஒரு நூற்றாண்டுக்கு முன் போனவரின் பேத்தி வந்திருக்கிறார் என்று அறிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. "அவங்க என்ன ஆளுங்கன்னு கேளுங்க தம்பி. தெரிஞ்சா எந்தத் தெருன்னு சொல்லிடலாம்" என்றார். நான் அக்கேள்வியை மொழிபெயர்க்கவில்லை. "உங்கள் பாட்டனாரின் பெயரைக் கேட்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சமாளித்தேன். அன்று நான் செய்தது சரிதானா என்னும் ஐயம் என்னை விட்டபாடில்லை. அந்த ஐயமே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல்.

முன்னோரைத் தேடும் முயற்சி இன்று உலகெங்கும் பெருகியுள்ளது. அதற்கு உதவும் ஏடுகளைச் சான்று என்று மட்டுமே கருதுகிறோம். ஆனால் பட்டியலும் எழுதப்பட்ட ஒரு நூலே. அதற்கு எழுதியவர் உண்டு. எழுதிய நோக்கம் உண்டு. சொல்லாமல் விட்டவையும் உண்டு. ஒரு கவிதையையோ நாவலையோ திறனாய்வு செய்கையில் நாம் கேட்கும் கேள்விகளை இவ்வேடுகளை நோக்கியும் கேட்டாக வேண்டும். கேளாமல் படிப்பவர் தாம் விரும்பியதையே அவற்றில் காண்பார்.

எழுதியவரின் செவி

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல், நவம்பர் 16 அன்று 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதற்கூட்டம் அது. இடையில் 1866 முதல் 1874 வரை நின்றுபோன இப்போக்குவரத்து, 1911-இல் முற்றிலும் முடிவுற்றது. அதற்குள் 1,52,184 பேர் சென்றிருந்தனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இடப்பட்டது. தோட்டத்திலும் மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் அந்த எண் அவரைத் தொடர்ந்தது. பட்டியல்கள் இன்றும் தென்னாப்பிரிக்க ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

இப்பட்டியல் யாருக்காக எழுதப்பட்டது? உழைக்கும் உடலை விலை பேசி வாங்கிய தோட்ட முதலாளிக்காகவும், அவ்வுடல் தப்பி ஓடினால் தேடிப் பிடிக்க வேண்டிய அரசுக்காகவும் எழுதப்பட்டது. ஆகவேதான் உயரமும் தழும்பும் மச்சமும் இவ்வளவு கவனத்துடன் குறிக்கப்பட்டுள்ளன. கண்காணிக்க எழுதிய அந்தத் தழும்பின் குறிப்பைத்தான் அன்று டர்பன் பெண்மணி தம் குடும்பத்தின் செல்வமெனக் காட்டினார். அவருடைய பாட்டனாருக்கு ஒரு நிழற்படம்கூட இல்லை. அவர் உடலைப் பற்றி எஞ்சியிருப்பது அந்த ஒரு சொற்றொடரே. மொரிசியஸ் சென்றோரின் வழித்தோன்றல்கள் இவ்வகையில் சற்றுப் பேறு பெற்றவர்கள். மோகாவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் காப்பகத்தில் பதிவேடுகளுடன் பலருடைய நிழற்படங்களும் பாதுகாக்கப்படுகின்றன. அவையும் அடையாளச் சீட்டுக்காக எடுக்கப்பட்டவையே.

அடுத்து, எழுதியவரின் செவி. வயல் வரப்பில் வளர்ந்த ஒருவர் தம் ஊரின் பெயரைத் தமிழில் சொல்கிறார். எழுத்தர் தம் செவிக்கு எட்டியதை ஆங்கில எழுத்தில் பதிக்கிறார். ழகரமும் ளகரமும் லகரமும் ஒன்றாகிவிடுகின்றன. பெயரின் ஒரு பாதி விழுங்கப்படுகிறது. அது மட்டுமன்று. திருக்காட்டுப்பள்ளி என்ற பெயரிலேயே சோழநாட்டில் இரண்டு ஊர்கள் உள்ளன. குடமுருட்டிக் கரையிலுள்ள நம் ஊர் மேலைத் திருக்காட்டுப்பள்ளி. திருவெண்காட்டிற்கு அருகிலுள்ளது கீழைத் திருக்காட்டுப்பள்ளி. இரண்டுமே அன்றைய தஞ்சாவூர் ஜில்லாவுக்குள் அடங்கியவை. பூண்டியும் அவ்வாறே. மாதா திருத்தலம் அமைந்த பூண்டி வேறு. புட்பம் கல்லூரி அமைந்த பூண்டி வேறு. ஜில்லாவின் பெயரும் நமக்குப் பெருந்துணை புரியாது. 1991-இல் நாகப்பட்டினமும், பின்னர் திருவாரூரும், 2020-இல் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களாயின. 'தஞ்சாவூர்' என்று பட்டியலில் எழுதப்பட்ட ஒருவரின் ஊர் இன்று இந்நான்கில் எதிலும் இருக்கலாம்.

எனவே பட்டியலில் உள்ள ஊர்ப்பெயரை ஒரு முடிவென்று கொள்வது பிழை. அது தேடலின் தொடக்கமே.

உறவால் அறியப்பட்டவர்

அதே இளைஞரைப் பற்றி, அவர் கிறிஸ்தவராகப் பிறந்தவராயின், வேறோர் ஏடும் இங்கே எழுதப்பட்டிருக்கும். அது பங்கின் திருமுழுக்கு ஏடு. திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563-இல் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கியது. 1614-இல் வெளிவந்த உரோமைச் சடங்குநூல், பங்குகளில் எவ்வேடுகளை எவ்வாறு எழுத வேண்டும் என்று வகுத்தது. இன்றைய திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535-ஆம் சட்டமும் இவ்வேடுகளைக் காக்கும் கடமையைப் பங்கிற்கு விதித்துள்ளது.

இரண்டு ஏடுகளையும் அருகருகே வைத்துப் படித்தால் ஓர் அரிய வேறுபாடு புலப்படும். கப்பல் பட்டியல் மனிதரை உடலால் அடையாளம் காண்கிறது. திருமுழுக்கு ஏடோ உறவால் அடையாளம் காண்கிறது. தந்தை, தாய், ஞானத்தந்தை, ஞானத்தாய், திருமுழுக்கு அளித்த குரு என ஒரு குழந்தையைச் சுற்றி ஐவர் நிற்கின்றனர். அங்கே தழும்பும் இல்லை, உயரமும் இல்லை. பின்னாளில் திருமணம் நடந்தால் அதே பக்கத்தின் ஓரத்தில் அதுவும் குறிக்கப்படுகிறது. ஓரம் வெறுமையாக இருப்பதும் ஒரு செய்தியே. அவ்வெறுமை இளமையில் இறந்துபோனதைக் குறிக்கலாம். ஊரை விட்டுப் போனதையும் குறிக்கலாம்.

ஆயினும் இவ்வேட்டையும் அப்படியே ஏற்றல் ஆகாது. இதை எழுதிய குருவுக்கும் ஒரு செவி இருந்தது. அது இலத்தீன் செவி. வீட்டில் இராயப்பன் என அழைக்கப்பட்டவர் ஏட்டில் பேதுருவின் இலத்தீன் வடிவமான பெத்ருஸ் ஆனார். சின்னப்பன் பவுலுஸ் ஆனார். அருளப்பன் யோவான்னெஸ் ஆனார். ஞானப்பிரகாசம் அலோசியுஸ் ஆனார். அதே இராயப்பன் துறைமுகத்தில் தம் வீட்டுப் பெயரையே சொல்லியிருப்பார். ஆங்கில எழுத்தர் அதை வேறொரு விதமாக எழுதியிருப்பார். ஒரே மனிதருக்கு மூன்று பெயர்கள்! முன்னோரைத் தேடி வரும் அயல்நாட்டவருக்கு இந்தச் சிறு திறவுகோலை யாரும் தருவதில்லை. நம் பாட்டிமாருக்கோ அது மனப்பாடம்.

நம் வட்டாரத்தில் மற்றொரு சிக்கலும் உண்டு. பூண்டி கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அது 1899-இல் புதுச்சேரி உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிந்தது. அண்டையிலுள்ள தஞ்சை மறைமாவட்டமோ 1952-இல் மயிலையிலிருந்து பிரிந்தது. புதுச்சேரி பாரிசு அயல்நாட்டு மறைப்பணிச் சபையினரின் பொறுப்பில் இருந்தது. மயிலை போர்த்துக்கல் அரசின் ஆதரவுரிமைக்கு உட்பட்டிருந்தது. ஆகவே அடுத்தடுத்த சிற்றூர்களின் பழைய வரலாறு வெவ்வேறு ஆட்சிகளின் கீழ் எழுதப்பட்டிருக்கக்கூடும். ஒரு பங்கில் பெயர் இல்லை என்பதால் அம்மனிதரே இல்லை என்று முடிவு செய்துவிடலாகாது.

கடலுக்கு அப்பாலும் இதே வகை ஏடுகள் தொடர்ந்தன. டர்பனில் அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த அருட்தந்தை சபோன், தமிழ் கற்றுக் கூலித் தொழிலாளரிடையே நெடுங்காலம் பணிபுரிந்தார். எண்ணால் அழைக்கப்பட்ட மக்களை அவர்களுடைய மொழியில் பெயர் சொல்லி அழைத்த குரு ஒருவர் அங்கே இருந்தார் என்பது சிறு செய்தியன்று.

பெயரற்ற கண்ணீர், கண்ணீரற்ற பெயர்

இனி இலக்கியத்திற்கு வருவோம். புலம்பெயர்ந்த கூலிகளின் துயரை நம் இலக்கியம் பாடாமல் விடவில்லை. ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வதைபட்ட பெண்களைப் பாரதியார் பாடினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் கொடுமையைப் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் காட்டினார். ஆனால் பாரதியின் பாடலில் வரும் பெண்களுக்குப் பெயர் இல்லை. 'துன்பக்கேணி'யின் மருதி கற்பனையில் பிறந்தவள். அக்காலத்தில் உண்மையாகவே கப்பலேறிய பெண்களின் பெயர்கள் பட்டியல்களில் உறங்கின. அவற்றில் கண்ணீருக்கென்று கட்டம் இல்லை. இலக்கியத்தில் பெயரற்ற கண்ணீர். ஆவணத்தில் கண்ணீரற்ற பெயர். இரண்டையும் சேர்த்து வாசிக்கும் முயற்சி அண்மைக் காலத்தில்தான் தோன்றியது.

அவ்வகையில் இரு நூல்கள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, ஜாய் பிரெயின் என்னும் தென்னாப்பிரிக்க வரலாற்றாசிரியர் 1983-இல் வெளியிட்ட நூல். 1860 முதல் 1911 வரை நேட்டாலில் வாழ்ந்த கிறிஸ்தவ இந்தியரைப் பற்றியது. கப்பல் பட்டியல்களைப் பொறுமையுடன் ஆராய்ந்து கிறிஸ்தவர்களை அவற்றிலிருந்து பிரித்தெடுத்த அரும்பணி அது. அவருக்கு முன் அம்மக்களைத் தனியொரு கூட்டமாக எண்ணிப் பார்த்தவர் அரியர். எண்ணுவதே முதல் மரியாதை என்பதை இந்நூல் மெய்ப்பிக்கிறது. ஆனால் புள்ளிவிவர நூலுக்குரிய எல்லை இதற்கும் உண்டு. ஆட்களை அட்டவணையில் அடுக்கும்போது, எழுத்தர் வகுத்த கட்டங்களே ஆய்வாளரின் கட்டங்களாகவும் ஆகிவிடுகின்றன. எழுத்தர் கேளாத கேள்விக்கு அட்டவணை விடை தர இயலாது.

இரண்டாவது, கயூத்ரா பகதூர் 2013-இல் வெளியிட்ட 'கூலிப் பெண்'. கயானாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த இவ்வெழுத்தாளர், தம் கொள்ளுப்பாட்டி சுஜாரியாவைத் தேடுகிறார். 1903-இல் கல்கத்தாவிலிருந்து 'கிளைட்' என்னும் கப்பலில் கணவன் துணையின்றிக் கருவுற்ற நிலையில் சென்ற பெண் அவர். குடியேற்றச் சீட்டு ஒன்று கிடைக்கிறது. ஆனால் ஏன் போனார், யாரை விட்டுப் போனார் என்பதற்கு எந்த ஏட்டிலும் விடை இல்லை. இவ்விடத்தில் பலர் கற்பனைக் கதையால் வெற்றிடத்தை நிரப்பிவிடுவர். பகதூர் அவ்வாறு செய்யவில்லை. விடையில்லாத இடங்களில் கேள்விகளையே அடுக்கி வைக்கிறார். அக்கேள்விகளின் வரிசை ஒரு மன்றாட்டுமாலை போல நம் நெஞ்சில் இறங்குகிறது. தெரியாததைத் தெரியாதது என்று காட்டுவதும் இலக்கிய நேர்மையே என்பதற்கு இந்நூல் சான்று.

இந்நேர்மையை அளவுகோலாகக் கொண்டால், இன்று குடும்ப விழாக்களில் அச்சிட்டு வழங்கப்படும் பல வமிசாவளி மலர்கள் தேறமாட்டா. அவற்றில் முன்னோர் அனைவரும் நிலக்கிழாராகவோ வணிகராகவோ இருக்கின்றனர். பசிக்காகக் கப்பலேறியவர் ஒருவரும் இல்லை. கடனுக்கு அஞ்சி ஓடியவரும் பண்ணையாள் வாழ்விலிருந்து தப்பியவரும் இல்லை. 1876 தொடங்கி மூன்று ஆண்டுகள் சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம்கூட அம்மலர்களில் இடம்பெறுவதில்லை. முன்னோருக்குப் பட்டுத் துணி போர்த்துகிறோம் என்று எண்ணி, அவர்கள் பட்ட பாட்டை மறைத்துவிடுகிறோம். மத்தேயு நற்செய்தியாளர் ஆண்டவருடைய மூதாதையர் பட்டியலை எழுதும்போது தாமாரையும் இராகாபையும் மறைக்கவில்லை. மோவாபு நாட்டிலிருந்து பிழைக்க வந்த ரூத்தையும், உரியாவின் மனைவியையும் அவர் விட்டுவிடவில்லை. பட்டியல் எழுதுவோர் அனைவரும் கற்க வேண்டிய இலக்கணம் அது.

சாதிக் கட்டம்

மீண்டும் அந்தத் தேநீர்க்கடை வாசலுக்கு வருவோம். பெரியவர் கேட்ட கேள்வியில் தீய நோக்கம் ஏதுமில்லை. ஊரைத் தெருவாகப் பிரித்து அறிந்தவருக்கு அதுவே வழி. ஆனால் துறைமுக எழுத்தரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். அவருடைய தாளிலும் அதற்கென ஒரு கட்டம் இருந்தது. அதில் அவர் 'கிறிஸ்தவர்' என்று எழுதியது ஒருவகைச் சோம்பலாகவே இருக்கலாம். நேட்டால் பட்டியல்களில் கிறிஸ்தவர் பலருக்கு இவ்வாறே பதியப்பட்டுள்ளது.

அந்தக் கட்டத்தைப் பார்த்தபோது எனக்கு எழுந்தது மகிழ்ச்சியா வெட்கமா என்று சொல்ல இயலவில்லை. நம்முடைய பல பழைய பங்கேடுகளில் திருமுழுக்குப் பெயருக்கு அருகிலேயே சாதிப் பெயரும் எழுதப்பட்டது. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எழுந்தது. ஒரே தந்தையின் பிள்ளைகள் என்று அறிக்கையிட்ட நாம் எழுதிய ஏட்டில் சாதி இருந்தது. கூலிக்கு ஆள் பிடித்தவனின் ஏட்டில் அந்த இடத்தில் கிறிஸ்துவின் பெயர் இருந்தது. அதனால் கூலிக் கப்பல் விடுதலைக் கப்பல் ஆகிவிடாது. எழுத்தரின் சோம்பலை நற்செய்தி என்று நான் புகழவும் இல்லை. ஆயினும் அக்கட்டம் நம்மை நோக்கி ஒரு கேள்வி கேட்கிறது என்பதை மறுக்கவும் இயலவில்லை.

அப்படியாயின் நான் மொழிபெயர்க்காமல் விட்டது சரிதானா? இல்லை என்றே இப்போது கருதுகிறேன். அவர் காணக்கூடாது என்று ஒரு கட்டத்தை நானே வெறுமையாக்கினேன். அந்த ஒரு நொடியில் நானும் ஓர் எழுத்தராகிவிட்டேன். அக்கேள்வியை உள்ளவாறே சொல்லி, அது ஏன் கேட்கப்படுகிறது என்பதையும் விளக்கியிருக்க வேண்டும். தம் பாட்டனார் எதை விட்டுப் போனார் என்பதை அறியும் உரிமை அவருக்கு உண்டு. அது இனிமையான செய்தியாக இல்லாவிட்டாலும் அந்த உரிமை உண்டு.

அவருடைய ஊரை அன்று நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. அது இந்தத் திருக்காட்டுப்பள்ளியா, கீழை ஊரா, அல்லது எழுத்தரின் செவியில் திரிந்த மூன்றாவது ஊரா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 'இதுதான் உங்கள் ஊர்' என்று ஒரு பொய் சொல்லி அவரை மகிழ்வித்திருக்கலாம். அங்கிருந்த ஒருவர் அதற்கும் ஆயத்தமாக இருந்தார். நல்ல வேளையாக அது நிகழவில்லை.

எஸ்ரா ஆகமத்தின் இரண்டாம் அதிகாரம் பாபிலோனிலிருந்து திரும்பி வந்தவர்களின் நீண்ட பட்டியல். வழிபாட்டில் வாசிக்கக் கேட்டிராத பகுதி என்பதால் நாம் அதைத் தாண்டிச் சென்றுவிடுகிறோம். அதில் ஒரு கூட்டத்தார் தங்கள் தந்தையரின் குலத்தையும் வழிமரபையும் மெய்ப்பிக்க இயலாதவர்கள். ஆயினும் அவர்கள் திருப்பி அனுப்பப்படவில்லை. 652 பேர் என்று அவர்களையும் எண்ணிப் பட்டியலில் சேர்த்தனர். நெகேமியா ஆகமத்தில் அதே கூட்டத்தின் எண்ணிக்கை 642. இறைவாக்கைத் தாங்கிய ஏட்டிலும் படியெழுதியவரின் கை தெரிகிறது! மரபுச் சான்று கிடைக்காத குருக்களின் பிள்ளைகள் மட்டும் குருத்துவப் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டனர். பதவிக்குச் சான்று கேட்டனர். வீடு திரும்புவதற்குக் கேட்கவில்லை.

இந்நெறி நமக்கும் போதும். பங்குகளில் பழைய ஏடுகளைக் கறையானுக்கும் ஈரத்துக்கும் விட்டுவிடாமல் படியெடுத்துக் காப்பது நம் முதற்கடமை. இலத்தீன் பெயருக்கும் வீட்டுப் பெயருக்கும் உள்ள தொடர்பை அறிந்த முதியோர் இருக்கும்போதே அதைக் கேட்டு எழுதி வைப்பது இரண்டாவது கடமை. அவ்வேடுகளை விரிக்கும்போது அவற்றிலுள்ள சாதிக் கட்டத்தை மறைக்காமலும், அதைக் கொண்டு எவரையும் அளக்காமலும் இருப்பது மூன்றாவது, அதுவே அரியது.

அந்தப் பெண்மணி மாலைத் திருப்பலிக்குப் பூண்டிக்குச் சென்றார். விடைபெறும்போது அத்தாளின் நகல் ஒன்றை என்னிடம் விட்டுச் சென்றார். மடித்த கோட்டில் தழும்பு பற்றிய அந்தச் சொற்றொடர் சற்றே அழிந்திருக்கிறது. கீழைத் திருக்காட்டுப்பள்ளிப் பக்கமுள்ள பங்குகளில் விசாரிப்பதாக வாக்களித்திருக்கிறேன். இன்னும் போகவில்லை. போக வேண்டும்.